மலைச்சரிவுக்கு ஆறு துணிப்பைகள்

எங்கள் சரிவில் இப்போது நல்ல புல் நிற்கிறது. பார்க்க வரும் அதிகாரிகள் என் தோளைத் தட்டுகிறார்கள். "இந்த விதைக்காக மான்ட்ரியால் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்த ஆள்" என்று புதிதாக வருகிறவர்களுக்கு என்னை அறிமுகம் செய்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மான்ட்ரியாலில் நான் சண்டை எதுவும் போடவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னேன். அந்த நான்கு நாள் பயணத்தை எழுதிப் பார்த்தாலாவது அது தொண்டையை விட்டு இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

நான் விருதுநகர்க்காரன். வயிற்றுப்பாட்டுக்கு வந்து சேர்ந்த இடம் அமெரிக்காவின் மேற்கே, ஐடஹோ. கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலமும் சேஜ் என்ற சாம்பல் நிறப் புதரும்தான். அங்கே ஒரு புல்லை ஒழிப்பது என் உத்தியோகம். சீட்கிராஸ் என்று பெயர். மாட்டுப் பண்ணைக்காரர்கள் வைத்த பெயர், ஏமாற்றுப் புல் என்று அர்த்தம். வசந்தத்தில் பச்சைப்பசேல் என்று கிடக்கும். மாடு நாலு வாரம் வாய் வைப்பதற்குள் முற்றி, காய்ந்து, வைக்கோலாகிவிடும். பிறகு ஒரு மின்னல் போதும். சேஜ் புதர் எரிந்தால் திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும். ஏமாற்றுப் புல் அடுத்த மழைக்கே வந்துவிடும். அப்புறம் அதுவும் தீயும் மட்டும்தான் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்.

சேஜ் புதரின் அடியில் முட்டையிடும் ஒரு காட்டுக்கோழி இருக்கிறது. வேறு எங்கேயும் அது குடும்பம் நடத்தாது. எங்கள் பகுதியில் அதற்கு மிச்சமிருந்தது ஒரு மலைச்சரிவு. இலையுதிர் காலத்தில் மருந்தடித்து ஏமாற்றுப் புல்லை ஒடுக்கி, அந்த மண்ணுக்கு உரிய கொத்துப்புல் விதையை விதைத்தோம். கீழே மட்டநிலத்தில் இயந்திரம் விதைத்தது. சரிவில் இயந்திரம் ஏறாது என்பதால் ஆட்களை விட்டுக் கையால் வீசினோம். மறு வருடம் மட்டநிலம் அருமையாக வந்தது. சரிவு முழுக்க ஏமாற்றுப் புல்.

"விதையிலேயே கலப்படம் என்று காட்டினால் கம்பெனி வேறு விதை கொடுக்கும். இல்லையென்றால் அந்தச் சரிவை மறந்துவிடு" என்றார் என் மேலதிகாரி. விதைக் கம்பெனியின் தலைமை அலுவலகமும் கிடங்கும் மான்ட்ரியால் ஓரம் புவாண்ட்-கிளேரில் இருந்தன. செப்டம்பர் பிறந்துவிட்டது. அந்த மாதத்துக்குள் மருந்தடித்து, பனி விழுமுன் விதைத்தாக வேண்டும். போன வருடம் சரிவில் வீசியதுபோக மிஞ்சிய விதையில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்லையில் காட்ட வேண்டிய தாள்களைக் கம்பெனியே அனுப்பியிருந்தது. கூடவே, "எங்களிடம் உங்கள் மொழிக்காரர் ஒருவர் வேலை செய்கிறார், அவரே உங்களைக் கவனித்துக்கொள்வார்" என்று ஒரு வரி.

விமான நிலையத்தில் என் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம், கழுத்தில் சின்னச் சிலுவை. அமெரிக்காவில் பத்து வருடமாக என் பெயரை யாரும் ஒழுங்காக எழுதியதில்லை. அட்டையைப் பார்த்ததுமே பாதிக் களைப்பு போய்விட்டது.

"நான் சூசைதாசன். மன்னார் ஆள். கம்பெனியில கிடங்குப் பக்கம். பயணம் எப்பிடி?"

"பரவால்ல சார். பசிதான்."

"சார் வேண்டாம். அண்ணை எண்டே கூப்பிடுங்கோ."

காரில் ஏறியதும் ஊர் தன் லட்சணத்தைக் காட்டியது. நெடுஞ்சாலையில் ஐம்பது அடிக்கு ஓர் ஆரஞ்சுக் கூம்பு. சாலை போடுகிறார்களாம். வேலை செய்யும் ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. "இது கோடைகாலத்தில முளைக்கிற சாமான். குளிருக்கும் சாகாது" என்றார் சூசை அண்ணை. நானும் என் பங்குக்கு எங்கள் ஊர்ப் புல்லைப் பற்றிச் சொன்னேன். சரிவைச் சொன்னேன், கோழியைச் சொன்னேன், உங்கள் கம்பெனி விதை எங்களைக் கவிழ்த்துவிட்டது என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் சாலையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ மட்டநிலத்திலயும் இதே விதைதானே போட்டனீங்கள்?"

"ஆமாண்ணே. ஒரே லாட்டு, ஒண்ணா வந்த சரக்கு."

"அங்க அந்தப் புல்லு வரேல்லையோ?"

"அங்க வரல."

அவர் "ஓ" என்றார், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. மட்டநிலத்து மண் வேறு, ஈரம் வேறு என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு ஒரு வசதி, எதற்கும் நாலு காரணம் கைவசம் இருக்கும்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போய்ப் புட்டியைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். முடிவு அடுத்த நாள் பத்து மணிக் கூட்டத்தில் என்றார்கள். சூசை அண்ணை கிடங்கைச் சுற்றிக் காட்டினார். கூரையைத் தொடும் அடுக்குகள், எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் பைகள். அவர் இடுப்பில் ஒரு குத்தூசி செருகியிருந்தது. விருதுநகர் மிளகாய் வற்றல், பருப்புக் கமிஷன் மண்டிகளில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுப்பார்களே, அதே சாமான்தான், இது கொஞ்சம் நீளம். ஒவ்வொரு பையிலும் குத்தி, வருகிறதை ஒன்றாகச் சேர்த்து, சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுச் சோதனைக்கு அனுப்புவது அவர் வேலையாம். பன்னிரண்டு வருடமாக.

"எல்லாப் பையையும் குத்துவீங்களா?"

"சட்டப்படி கொஞ்சப் பை குத்தினாக் காணும். நான் எல்லாத்தையும் குத்துவன். நடுவில என்ன கிடக்குதெண்டு பைக்கு வெளியால தெரியாதுதானே."

அப்படியானால் எங்கள் லாட்டுக்கும் கையெழுத்துப் போட்டது இவர்தானா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நமக்கு வேண்டியது விதை, ஆள் யாராக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

பகல் பொழுது எனக்குச் சும்மா கிடந்தது. ஊரைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறி, ஏறிய இடத்திலேயே அவமானப்பட்டேன். டிரைவரிடம் அமெரிக்க நோட்டை நீட்டினேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். பின்னால் வரிசை நெளிந்தது. நர்ஸ் உடுப்பில் இருந்த ஒரு கறுப்பினப் பெண் முன்னால் வந்து, தன் பர்ஸிலிருந்து சில்லறையை எடுத்துப் பெட்டியில் போட்டாள். நோட்டை அவளிடம் நீட்டினேன். "வேண்டாம், நீங்கள் இன்னொருவருக்குப் போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் ஐடஹோ ஊரில் பஸ்ஸே கிடையாது, எனவே இப்படி ஒருவர் புண்ணியம் தேட வழியும் கிடையாது.

நகரத்தில் எல்லோரும் ஒன்றைச் சாப்பிடச் சொன்னார்கள். உருளைக்கிழங்கு வறுவல், அதன் மேல் பால்கட்டி, அதன் தலையில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. மொறுமொறுப்பாகப் பொரித்ததை எதற்காகக் குழம்பில் ஊறப்போடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே முழுத்தட்டையும் காலி செய்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, எங்கள் ஊரில் எண்ணெயில் பொரித்த புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னாவில் முக்குகிறவர்கள் நாங்கள். யாரைச் சொல்ல. திரும்பி வரும்போது மெட்ரோவில் எதிர்த்திசை ரயிலில் ஏறி, கடைசி நிலையம் வரை போய், அங்கே நடைமேடையில் வயலின் வாசித்த கிழவரின் தொப்பியில் அந்த அமெரிக்க நோட்டைப் போட்டுவிட்டு மறுபடி ஏறினேன். அவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை சூசை அண்ணை வீட்டில் சாப்பாடு. நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி. வெளியே சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படி. குளிர்காலத்தில் இதில் எப்படி ஏறுவார்கள் என்று நினைத்துக்கொண்டே மூச்சு வாங்க ஏறினேன். அவர் மனைவி ரெஜினா ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். ஒன்பது வயதில் ஜூலி என்று ஒரு மகள். அவள் என்னிடம் ஒரு 'போன்ஷூர்' சொல்லிவிட்டு, தகப்பனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். "அமெரிக்காக்காரர் ஏன் எங்களை மாதிரி இருக்கிறார் எண்டு கேக்குறா" என்றார்.

புட்டு, மீன் குழம்பு, சொதி, தேங்காய்ச் சம்பல். பத்து வருடம் ரொட்டித் துண்டைக் கடித்தவனுக்கு இதெல்லாம் முன்னால் வந்தால் என்ன ஆகும். நான் பேசாமல் சாப்பிட்டேன். ரெஜினா கேட்காமலே மூன்றாம் முறையும் புட்டு வைத்தார். ஜூலிக்குக் கோழியின் படத்தைக் காட்டினேன். சேவல் நெஞ்சை ஊதிக்கொண்டு, வால் இறகை விசிறியாக விரித்து ஆடும் படம். வசந்தகாலம் வந்தால் விடியும்போது சரிவின் அடியில் அவை கூடி ஆடும், பெட்டைகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்றேன். அவள் தகப்பன் மூலமாக ஒரு கேள்வி கேட்டாள். அந்தச் சரிவும் எரிந்துபோனால் எங்கே ஆடும்? நான் சொதியைக் குடித்தேன்.

சுவரில் ஒரு முதியவரும் அவர் மனைவியும் இருக்கும் படம் இருந்தது. "அம்மாவும் அப்பாவும். மன்னாரில இருக்கினம்" என்றார் சூசை அண்ணை. "சமாதானம் எண்டாங்கள், இப்ப திரும்பவும் அடிபடத் தொடங்கியாச்சு. இஞ்ச கூப்பிட ஸ்பொன்சர் பண்ணி நாலு வருஷம் இழுத்து, இப்பத்தான் கடைசிக் கட்டத்தில நிக்குது. கம்பெனியில வேலை செய்யிறன் எண்டு ஒரு கடிதம் அடுத்த மாதம் குடுக்கவேணும். அதோட வந்திடுவினம்."

"அறை கூட ஒழுங்கு பண்ணிப் போட்டம்" என்றார் ரெஜினா. "இவ ஜூலி எங்களோட படுப்பா. மாமிக்கு மாடிப்படிதான் கஷ்டம்."

கிளம்பும்போது ரெஜினா எனக்கு மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டித்தர ஒரு அலமாரியைத் திறந்தார். உள்ளே பாஸ்மதி அரிசி வந்த சணல் சாக்குகள், துவைத்து மடித்து அடுக்கியிருந்தன. "எறிய மனம் வராது" என்று சிரித்தார். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. வயிறு நிறைந்தால் எனக்கு வாய் நிற்காது.

"நீங்க வேற. எங்கப்பா விருதுநகர்ல சாக்கு வியாபாரி. எங்க வீட்ல சாக்கை எறிஞ்சவன் கிடையாது. ஒரு சாக்கு நாலு பிறவி எடுக்கும். அமெரிக்காவுலயும் நான் விடல. போன வருசம் கோழி ஆடுற எடத்துல அந்தப் புல்லை ஆள் விட்டுப் பிடுங்கி சாக்கு சாக்கா அள்ளினோம். கூட இருக்கிறவன் சாக்கோட சேர்த்து எரிக்கப் போனான். நான்தான் தடுத்தேன். புல்லை மட்டும் எரிச்சிட்டு, சாக்கை உதறி, வெயில்ல காயப்போட்டு மடிச்சு வச்சேன். பெறகு பாருங்க, உங்க கம்பெனிப் பை ரொம்பக் கனம், சரிவுல தூக்க முடியாது. விதையை அந்தச் சாக்குலதான் பாதி பாதியாக் கொட்டி..."

அங்கே நின்றேன்.

ஏமாற்றுப் புல்லின் விதைக்கு ஒரு நீண்ட கூர் உண்டு. காலுறையில் ஏறினால் துவைத்தாலும் போகாது, நாயின் காதில் போனால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சணல் சாக்கின் இழைக்குள் புகுந்தால் உதறுவதாம், வெயிலில் போடுவதாம். இதை வருடா வருடம் புதிய ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறவனே நான்தான். காலணியைத் துலக்கு, வண்டிச் சக்கரத்தைக் கழுவு என்று நாள் முழுக்கக் கத்துகிறவன் நான். சாக்கு என்றதும் என் மூளை வேலை செய்யவில்லை. அது எங்கள் வீட்டுச் சாமான், அதை எப்படிச் சந்தேகப்படுவது.

சரிவின் படங்கள் கண்ணுக்குள் வந்தன. அடிவாரத்தில்தான் புல் அடர்த்தி. நாங்கள் சாக்கு வாயைத் திறந்து முதல் பிடியை வீசிய இடம். மேலே போகப் போகக் கொஞ்சம் குறைவு. அந்தப் படங்களை நான்தான் எடுத்திருந்தேன், ஆறு மாதமாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

"கொட்டி?" என்றார் ரெஜினா.

"கொட்டித்தான் கொண்டுபோனோம். உதவியா இருந்துச்சு."

சூசை அண்ணை கையிலிருந்த மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "வாங்கோ தம்பி, கொண்டுபோய் விடுறன்" என்றார்.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது சொன்னார். "நாளைக்குக் கூட்டத்தில என்னையும் கூப்பிடுவினம். அந்த லாட்டுக்குக் கையெழுத்து என்ரதான். உள்ளதைச் சொன்னாக் காணும் தம்பி. எல்லாம் சரிவரும்." அவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் கூட்டம். மேலாளர் தங்கமான மனிதர் மாதிரிதான் பேசினார். காப்பி கொடுத்தார், கோழியைப் பற்றி விசாரித்தார். பிறகு இரண்டு தாள்களை முன்னால் வைத்தார். கம்பெனி தன்னிடம் சீல் வைத்துப் பத்திரப்படுத்தியிருந்த மாதிரி சுத்தம். நான் கொண்டுவந்த புட்டியில் ஏமாற்றுப் புல் விதை இருக்கிறது. "ஒரே லாட்டு, இரண்டு முடிவு. அப்படியானால் மாதிரி எடுத்தவர் எல்லாப் பையையும் குத்தவில்லை. அல்லது..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

சூசை அண்ணையைக் கூப்பிட்டார்கள். குத்தூசி இல்லாமல் வந்தார். சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எல்லாப் பையையும் குத்தினாயா என்று பிரெஞ்சில் கேட்டார்கள். குத்தினேன் என்றார். அதற்கு அத்தாட்சி உண்டா என்றார்கள். கையெழுத்துத்தான் அத்தாட்சி என்றார். மேலாளர் இதையெல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வழக்கமான ஒரு கேள்வி. எங்கள் பையிலிருந்து உங்கள் மண்ணுக்குப் போகும்வரை விதை வேறு எதிலாவது கொட்டப்பட்டதா?"

அந்தக் கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இவருக்கு வேறு வேலை கிடைக்கும், கோழிக்கு வேறு சரிவு கிடைக்காது. இதைத்தான் நினைத்தேன். ஏதோ நியாயவான் மாதிரி. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. ஆமாம் என்றால் என் அலுவலகத்தில் என்னை என்ன செய்வார்கள் என்பது. முன்னது வந்து பின்னதற்குப் போர்வை போட்டது.

"இல்லை" என்றேன்.

சூசை அண்ணை என்னைப் பார்க்கவில்லை. மேசையில் நான் பரப்பியிருந்த சரிவுப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலாளர் தலையாட்டினார். முழுச் சரிவுக்கும் புது விதை, இரண்டு வாரத்தில் வந்துசேரும் என்றார். "எங்கள் பெயர்தான் எங்களுக்கு முக்கியம். இந்த ஊழியரின் விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." என் கையைக் குலுக்கினார். நான் நன்றி சொன்னேன். ஆமாம், 'மெர்சி' என்று பிரெஞ்சிலேயே சொன்னேன், நேற்று பஸ்ஸில் கற்றுக்கொண்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் நான் ஹோட்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை. எதிரே ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடம். அதன் விளிம்பில், சிமெண்டு வெடிப்பில், முற்றிக் காய்ந்த ஏதோ ஒரு புல். அது என்ன ஜாதி என்று போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வழக்கமாக எங்கே புல்லைக் கண்டாலும் குனிகிறவன் நான்.

நான்காம் நாள் காலை டாக்ஸிக்குச் சொல்லிவைத்திருந்தேன். வாசலில் சூசை அண்ணையின் கார் நின்றது.

"கொண்டந்தது நான்தானே, கொண்டுபோய் விடுறதும் நான்தான். டாக்ஸியை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"வேலைக்குப் போகலையாண்ணே?"

"நேற்றோட முடிஞ்சுது."

அதே ஆரஞ்சுக் கூம்புகள். கொஞ்ச தூரம் போனபின் அவராகவே பேசினார். குரல் உயரவில்லை. "உங்கட புட்டிக்குள்ள சணல் நார் கிடந்தது தம்பி. சோதனைக்கூடப் பிள்ளை எனக்குக் காட்டினவ. எங்கட எல்லாம் உரப்பை, பிளாஸ்டிக். சணல் எங்கால வரும்? அண்டைக்கு எனக்கு விளங்கேல்ல. பேந்து நீங்கள் வீட்டில சாக்குக் கதை சொல்லேக்க விளங்கிச்சுது."

"அப்ப நீங்க கூட்டத்துல சொல்லியிருக்கலாமே" என்றேன். என் வாய்தான் இதைக் கேட்டது. திருடன் வீட்டுக்காரனைக் கேட்கிற கேள்வி.

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு இருந்திட்டன். என்ர வீட்டில சாப்பிட்டுட்டுப் போன ஆளை நான் எழும்பிக் காட்டிக்குடுக்கிறதே? நீங்களாச் சொன்னா அது வேற." வண்டியை ஒதுக்கி, விமான நிலைய வாசலில் நிறுத்தினார். "நீங்கள் போனாப்பிறகு மேலாளரிட்டப் போய்ச் சொன்னனான். வாங்கினவரே இல்லை எண்டிட்டார், நீ ஓம் எண்டுறியோ எண்டு கேட்டவர்."

நான் மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இப்ப எட்டரை" என்றார். "ஒஃபீஸ் திறந்திட்டுது. பத்து நிமிஷத்தில நான் உங்களைக் கொண்டுபோய் விடுவன். கையெழுத்து வைக்கச் சொல்லி நான் கேக்கேல்ல. சாக்கில கொட்டினனாங்கள் எண்டு ஒருக்காச் சொன்னாக் காணும். கடிதத்துக்கு அடுத்த மாதம் வரைக்கும் தவணை இருக்கு."

அந்த மனிதர் கெஞ்சவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்ததற்காக என்னை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஃப்ளைட் பத்து மணிக்குண்ணே" என்றேன்.

"ஓம்" என்றார்.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து என் பெட்டியை எடுத்து வைத்தார். அதன் மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். நெருக்கமான நெசவுத் துணியில் தைத்த ஆறு பைகள். தோளில் மாட்ட அகலமான வார். உள்பக்கத் தையல்களை மடித்து மூடித் தைத்திருந்தது, ஒரு விதை சிக்குவதற்குக்கூட இடுக்கு இல்லாமல்.

"ரெஜி தைச்சவ. அண்டைக்கு நீங்கள் சாக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போனவுடன மிஷினில இருந்திட்டா. பாவம், அந்த மனுசனுக்கு நல்ல பை இல்லையெண்டுதானே இப்பிடி ஆனது எண்டு."

நான் அதைக் கையில் வாங்கவில்லை. அது பெட்டியின் மேலேயே இருந்தது. அவர் காரில் ஏறி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வளைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாட்டா காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் நொறுங்கியிருப்பேன் என்று சொல்லலாம்தான். அதுவும் பொய்யாக இருக்கும், நான் அப்படியெல்லாம் நொறுங்குகிற ஆள் இல்லை.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு அந்த விமான நிலையத்திலேயே அமெரிக்கச் சுங்கச் சோதனை. விதை, செடி, மண் ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று தாளில் கேள்வி. இல்லை என்று குறித்தேன், இந்த முறை உண்மைதான். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். கருவாட்டை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு பைகளை எடுத்தார்.

"இது எதற்கு?"

"புல் விதைக்க."

ஒவ்வொன்றாக உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டினார். தையல் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். ஆறாவதையும் பார்த்து முடித்து, எல்லாவற்றையும் அழகாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"ரொம்பச் சுத்தமாக இருக்கிறது" என்றார். "உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை, நீங்கள் போகலாம்."

நான் போனேன்.